கழிவுநீரில் எரியும் விளக்கு: எதை வைத்து அளப்பது?

நார்த்மீட், வெஸ்ட்மீட், டூங்காபி, வென்ட்வொர்த்வில் என்று தமிழர்கள் நெருங்கி வாழும் மேற்கு சிட்னிப் புறநகர்களில் கழிப்பறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் பக்கத்தில் எங்கோ ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் என்று சொல்வார்கள். பரமட்டா வட்டாரத்துக் கழிவுநீரின் பெரும்பகுதி நூறாண்டுப் பழமையான ஒரு பெருங்குழாயில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கிழக்கே போய், மேன்லிக்கு அருகே நார்த் ஹெட் குன்றின்மேல் உள்ள நிலையத்தை அடைகிறது. அங்கே கசடு பிரிக்கப்படுகிறது. கசடு செரிக்கும்போது எழும் வாயு மின்சாரமாகிறது. எஞ்சிய நீர் ஆழ்கடல் குழாய் வழியாகப் பசிபிக் பெருங்கடலுக்குள் செல்கிறது. கழிவுநீர் குன்றுக்குள் செங்குத்தாக இறங்கும் விசையிலும் ஒரு சிறு நீர்மின் இயந்திரம் சுழல்கிறது.

‘மலத்திலிருந்து மின்சாரம்’ என்பது செய்தித்தாள்களுக்குப் பிடித்த தலைப்பு. அரசியல்வாதிக்கும் பிடிக்கும், நிறுவனத்துக்கும் பிடிக்கும், வரி கட்டுகிறவருக்கும் மனம் குளிரும். ‘இத்தனை ஆயிரம் வீடுகளுக்கு எரிசக்தி’ என்ற ஒரு வரி எப்போதும் கூடவே வரும். அந்த வரியில்தான் சிக்கல். இந்தத் தொழில்நுட்பம் நல்லது, பல இடங்களில் இன்றியமையாதது. ஆனால் விளக்கேற்றிய வீடுகளின் எண்ணிக்கையால் அளந்தால் அதன் உண்மையான பலமும் தெரியாது, பலவீனமும் தெரியாது.

பழைய வித்தை

இதில் புதுமை என்று பார்த்தால் குறைவுதான். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் 1895-இல் டொனால்ட் கேமரன் அமைத்த கழிவுநீர்த் தொட்டியின் வாயு தெருவிளக்குகளை எரித்தது. பம்பாய் மாட்டுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கழிப்பறை வாயு எரிபொருளானது. பிந்தேஸ்வர் பாடக்கின் சுலப் இயக்கம் 1982-இல் பாட்னாவில் ஒரு பொதுக் கழிப்பறையோடு சேர்த்து உயிர்வாயுக் கலன் அமைத்தது. சூரத் மாநகராட்சி 2003-இல் அஞ்சனா நிலையத்தில் அரை மெகாவாட் மின் உற்பத்தியைத் தொடங்கியது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் வாயு இயந்திரங்கள் நிறுவப்பட்டன; அங்கே கிடைத்த மின்சாரம் குடிநீர் வாரியத்தின் மின்கட்டணத்தைக் குறைத்தது.

அறிவியலும் எளிமையானது. கழிவுநீரைத் தேக்கி வைத்தால் கனமானவை அடியில் படிகின்றன. அந்தக் கசட்டைச் செரிப்பான் எனப்படும் காற்றுப் புகாத பெருங்கலனில் அடைத்து, 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி, கலக்கியபடி இரண்டு மூன்று வாரம் வைத்தால் நுண்ணுயிர்கள் அதை உண்டு செரிக்கின்றன. வெளிவரும் வாயுவில் 60 முதல் 65 விழுக்காடு மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. அதை அப்படியே இயந்திரத்தில் எரித்தால் மின்சாரமும் சூடும் கிடைக்கும், அந்தச் சூடே கலனையும் சூடாக வைக்கும். வாயுவைச் சுத்தப்படுத்திக் கிட்டத்தட்ட முழு மீத்தேனாக்கினால் நகரத்து எரிவாயுக் குழாயிலேயே செலுத்தலாம்.

இந்த இரண்டாவது வழிக்கு ஆஸ்திரேலியாவின் முதல் எடுத்துக்காட்டு சிட்னியின் மலபார். கேரளத்தின் மலபார் அல்ல. 1931-இல் அந்தக் கரையில் மோதி உடைந்த ‘மலபார்’ என்ற கப்பலின் பெயரைத் தாங்கிய கடற்கரைப் புறநகர். நகரத்தின் நீர் நிறுவனமான சிட்னி வாட்டரும் எரிவாயுக் குழாய் நிறுவனமான ஜெமினாவும் கைகோத்த இத்திட்டத்துக்கு ஆஸ்திரேலியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2020-இல் 59 லட்சம் டாலர் அறிவித்தது. திட்டத்தின் அப்போதைய மதிப்பீடு 1.4 கோடி டாலர். 2023-இல் வாயு குழாயில் ஏறத் தொடங்கியது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 95 டெராஜூல். அறிவிப்புகளின் மொழியில் சொன்னால் ஏறத்தாழ 6,300 வீடுகளின் எரிவாயுத் தேவை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

6,300 என்பது பெரிய எண்ணாகத் தெரிகிறது. எத்தனை பேரின் கழிவிலிருந்து 6,300 என்ற கேள்வியை அறிவிப்புகள் கேட்பதில்லை. மலபார் நிலையத்தை நம்பியிருப்பவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். வீட்டுக்கு மூன்று பேர் என்று வைத்தாலும் ஐந்து லட்சம் வீடுகள். ஐந்து லட்சம் வீடுகளின் கழிவு, 6,300 வீடுகளின் அடுப்புக்கும் வெந்நீருக்கும்: நூற்றுக்கு ஒன்றேகால் வீடு. ஜெமினாவின் நியூ சவுத் வேல்ஸ் குழாய் வலையில் ஏறத்தாழ 15 லட்சம் இணைப்புகள் உள்ளன. அதோடு ஒப்பிட்டால் அரை விழுக்காடுகூட இல்லை.

மலபாரில் வாயுவின் ஒரு பகுதி ஆலைக்குள்ளேயே செலவாகிறது, அதனால் இது முழுக் கணக்கு அல்ல என்று ஒருவர் சொல்லலாம். சரி, வேறு வழியில் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் கழிவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 25 லிட்டர் வாயு கிடைக்கும் என்பது பொறியியல் நூல்களின் பொதுக் கணக்கு. சுலப் இயக்கம் சொல்லும் ‘ஆளுக்கு ஒரு கன அடி’ என்பதும், அதாவது 28 லிட்டர், இதையொட்டியே வருகிறது. 25 லிட்டரை நல்ல இயந்திரத்தில் எரித்தால் ஏறத்தாழ 0.06 யூனிட் மின்சாரம். நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் ஒரு நாள் கழிவு கால் யூனிட்டைக்கூட எட்டாது. ரைஸ் குக்கரில் ஒரு வேளைச் சோறு வடிக்க அது சரியாகப் போகும். அதே குடும்பம் நாளொன்றுக்குச் சுமார் 15 யூனிட் செலவழிக்கிறது. அதே வீட்டுக் கூரையில் 6.6 கிலோவாட் சூரியத் தகடுகள் இருந்தால் சிட்னியில் சராசரியாக நாளுக்கு 25 யூனிட் கிடைக்கும். கழிப்பறைக்கும் கூரைக்கும் நூறு மடங்கு வித்தியாசம்.

நார்த்மீட் அளவுள்ள, பன்னிரண்டாயிரம் பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டால், அத்தனை பேரின் கழிவும் நாளுக்கு 720 யூனிட் தரும். அது ஐம்பது வீடுகளுக்குக்கூடப் போதாது. ஊரில் நாலாயிரம் வீடுகள் இருக்கும். மறுபடியும் நூற்றுக்கு ஒன்றேகால். இரண்டு வழிகளில் வந்தும் கணக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. உணவின் ஆற்றலில் பெரும்பகுதியை உடம்பே எடுத்துக்கொண்டு விடுகிறது. எஞ்சியதைத்தான் நாம் கழிக்கிறோம். எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் இந்த எல்லையை வெகுதூரம் தாண்ட முடியாது.

ஆகவே உள்ளூர் மக்களுக்கு எரிசக்தி தரும் திட்டம் என்று இதைச் சொல்வது மிகை. ஆனால் இத்தோடு தீர்ப்பு எழுதிவிட்டால் அதுவும் பிழையாகும்.

பலம் எங்கே இருக்கிறது

முதல் பலம், செரிப்பான் மின்சாரத்துக்காகப் பிறந்தது அல்ல. பச்சைக் கசடு நாறும், நோய் பரப்பும், கனக்கும். செரிப்பானுக்குள் போய் வந்தால் அதன் கரிமப் பொருளில் ஏறத்தாழ பாதி மறைந்துவிடுகிறது, நாற்றம் குறைகிறது, நோய்க்கிருமிகள் குறைகின்றன, ஏற்றிச்செல்ல வேண்டிய லாரிகள் குறைகின்றன. எஞ்சியது வயலுக்கு உரமாகிறது. வாயு என்பது இந்த வேலையைச் செய்ததற்குக் கிடைக்கும் உபரி. உபரியை எரித்து வீணாக்குவதைவிடப் பயன்படுத்துவது எந்த வகையிலும் நல்லது.

இரண்டாவது, சுத்திகரிப்பு நிலையம் மின்சாரத்தைக் குடிக்கும் இடம். கழிவுநீருக்குள் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்க்கும் முறையில், நிலையத்தின் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி அந்த ஊதலுக்கே போகிறது. ஆளுக்கு 0.06 யூனிட் என்பது வீட்டுக்குச் சொற்பம், நிலையத்துக்குப் பெரிது. ஒருவரின் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆகும் மின்சாரத்தில் பாதியளவை அது ஈடுசெய்யும். ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையம் 2005-இலேயே தன் தேவைக்கு மேல் மின்சாரம் எடுத்தது. கலிபோர்னியாவின் ஓக்லந்தில் ஈஸ்ட் பே நீர் நிறுவனம் உணவுக் கழிவையும் கொழுப்பையும் வெளியிலிருந்து வாங்கிச் செரிப்பானில் சேர்த்து 2012-இல் தற்சார்பைத் தாண்டியது. மின்சாரம் தட்டுப்பாடான ஊர்களில் இந்தத் தற்சார்பு உயிர் காக்கும். மின்வெட்டு வந்தால் சுத்திகரிப்பு நின்று, ஆறு சாக்கடையாவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

மூன்றாவது, இது சூரியன் போல மாலையில் அணைந்துவிடுவதில்லை. கழிவு நாள் முழுக்க வருகிறது, செரிப்பான் இரவிலும் வேலை செய்கிறது. பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சி, மாலை ஏழு மணிக்குப் பற்றாக்குறையாகும் ஆஸ்திரேலியாவில், சேமித்து வைத்து எரிக்கக்கூடிய வாயுவுக்குத் தனி மதிப்பு உண்டு. அளவு சிறிதானாலும் நேரம் பார்த்துக் கொடுக்க முடிகிற யூனிட் அது.

நான்காவது, மீத்தேனைக் கட்டிப்போடுவது. மெல்போர்னுக்கு மேற்கே வெரிபீயில், 1890-களிலிருந்து நகரத்துக் கழிவுநீரை ஏற்று வரும் மேற்குச் சுத்திகரிப்பு நிலையம் இதற்கு நல்ல பாடம். ஏறத்தாழ 10,500 ஹெக்டேர் நிலம். மெல்போர்ன் கழிவுநீரில் பாதி அங்கே வருகிறது. திறந்த குட்டைகளில் செரித்த கழிவின் வாயு பல காலம் வானத்துக்குப் போனது. பின்னர் குட்டைகளின்மேல் கால்பந்து மைதானங்களை விழுங்கும் அளவுக்குப் பெரிய நெகிழி விரிப்புகளைப் போர்த்தி வாயுவைப் பிடித்தார்கள், மின்சாரமாக்கினார்கள். நாற்றமும் குறைந்தது. இங்கே மின்சாரத்தைவிடப் பெரிய ஆதாயம், வானத்துக்குப் போகாத மீத்தேன்தான். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 27 மடங்குக்கு மேலும், இருபதாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கும் பூமியைச் சூடாக்கும்.

பலவீனங்கள்

அந்த 80 மடங்கு இரண்டு பக்கமும் வெட்டும். குழாய் இணைப்பில், கலன் மூடியில், இயந்திரப் புகைபோக்கியில், செரித்த கசடு திறந்த தொட்டியில் கிடக்கும்போது என்று வாயு கசிய வழிகள் ஏராளம். டென்மார்க்கில் 23 உயிர்வாயு ஆலைகளை அளந்த ஆய்வில், கழிவுநீர் ஆலைகளின் சராசரிக் கசிவு ஏழு விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. வேளாண் ஆலைகளில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஐந்து விழுக்காடு கசிந்தால் என்ன ஆகும்? ஒரு கிலோ மீத்தேன் நிலத்தடி எரிவாயுவுக்கு மாற்றாக எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு மிச்சம். கசிந்த 50 கிராம், நூறாண்டுக் கணக்கில் அந்த மிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும். இருபதாண்டுக் கணக்கில் முழுவதையும் தின்று மேலும் கேட்கும். கசிவை அளந்து வெளியிடாத ஆலை ‘பசுமை’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வது வெறும் நம்பிக்கை.

அடுத்தது சுத்தம் செய்யும் செலவு. ஹைட்ரஜன் சல்பைடு இரும்பை அரிக்கும். ஷாம்பு, முகப்பூச்சுகளில் இருக்கும் சிலாக்சேன்கள் கழிவுநீரோடு வந்து, எரியும்போது மணல் போன்ற சிலிக்காவாகி இயந்திரத்தின் உள்ளுறுப்பைத் தேய்க்கும். இவற்றை நீக்காமல் ஓட்டினால் இயந்திரம் படுத்துவிடும்; நீக்கினால் யூனிட் விலை ஏறும். பழுதுபார்க்கும் ஒப்பந்தமும் உதிரி பாகமும் இல்லாத இடங்களில் வாயுவை வெறுமனே கொளுத்திவிடுவதே வழக்கமாகிறது. திறப்பு விழாக் கல்வெட்டு அப்படியே இருக்கும், இயந்திரம் துருப்பிடித்துக் கிடக்கும்.

மூன்றாவது பலவீனம் சிட்னிக்கே உரியது, என் பார்வையில் எல்லாவற்றையும்விடக் கனமானது. நார்த் ஹெட், பாண்டை, மலபார் என்ற மூன்று கடலோர நிலையங்களும் சிட்னிக் கழிவுநீரின் பெரும்பகுதியைக் கையாள்கின்றன. மூன்றும் செய்வது முதல்நிலைச் சுத்திகரிப்பு மட்டுமே: சல்லடை, மணல் நீக்கம், படியவிடுதல். கரைந்திருக்கும் கரிமப் பொருளை நுண்ணுயிர் கொண்டு நீக்கும் இரண்டாம் நிலை அங்கே இல்லை. படியவிடும் முறை கரிமச் சுமையில் மூன்றில் ஒரு பங்கு அளவையே பிடிக்கும். மீதி, 1990-91-இல் திறக்கப்பட்ட ஆழ்கடல் குழாய்களின் வழியாகக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரம் போய், சுமார் அறுபது மீட்டர் ஆழத்தில் கடலில் கலக்கிறது. அந்தக் குழாய்கள் வந்தபின் கடற்கரைகள் தூய்மையானது உண்மை. ஆயினும் கழிவின் பெரும்பங்கைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, பிடித்த பங்கின் வாயுவை வைத்துப் பசுமைப் பெயர் வாங்குவதில் ஒரு நெருடல் இருக்கிறது.

2024 அக்டோபரில் சிட்னியின் கூஜி கடற்கரையில் ஆயிரக்கணக்கில் கறுப்பு உருண்டைகள் ஒதுங்கின. தார் உருண்டைகள் என்று முதலில் நினைத்தார்கள். கடற்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் பிரித்துப் பார்த்தபோது சமையல் எண்ணெய், சோப்புக் கசடு, கொழுப்பு, மலத்தின் தடயங்கள் தெரிந்தன. 2025 ஜனவரியில் மேன்லி உள்ளிட்ட வடக்குக் கடற்கரைகளிலும் உருண்டைகள் வந்தன. கொழுப்புதான் செரிப்பானுக்கு ஆகச் சிறந்த தீனி: கிலோவுக்குக் கிலோ, மாவுப்பொருளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மீத்தேன் தரும். செரிப்பானுக்குப் போகாத கொழுப்பு, எரிசக்திக் கணக்கில் நட்டம். கடற்கரைக் கணக்கில் அவமானம்.

இதில் நம் வீட்டு அடுப்படிக்கும் பங்கு உண்டு. வடை, பஜ்ஜி சுட்ட எண்ணெயைச் சூடு ஆறியதும் சிங்கில் ஊற்றினால் அது செரிப்பானுக்குப் போய் மின்சாரமாகாது. வழியிலேயே குழாயின் சுவரில் உறைந்து, மற்ற கொழுப்போடும் ஈரத்துடைப்புத் தாள்களோடும் சேர்ந்து கட்டியாகும். மழைக்காலத்தில் அடைபட்ட குழாய் பொங்கினால் கழிவுநீர் டூங்காபி ஓடைக்கும் அங்கிருந்து பரமட்டா ஆற்றுக்கும் போகும். எண்ணெயைப் பாட்டிலில் சேர்த்துத் தனியே கொடுப்பதுதான் அதை எரிபொருளாக்கும் வழி.

நான்காவது, எஞ்சிய கசடு. செரிப்பான் கரிமப் பொருளைத்தான் தின்னும். ‘என்றென்றைக்குமான ரசாயனங்கள்’ எனப்படும் பிஎஃப்ஏஎஸ் வகைகளையும் கன உலோகங்களையும் தின்னாது. மொத்த எடை குறைவதால் எஞ்சியதில் அவற்றின் செறிவு கூடும். சிட்னி வாட்டரின் கசடு நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதி வயல்களுக்கு உரமாகப் போகிறது. 2025 மார்ச்சில் வெளியான ஆஸ்திரேலிய தேசிய பிஎஃப்ஏஎஸ் மேலாண்மைத் திட்டத்தின் மூன்றாம் பதிப்பு இத்தகைய கசட்டுக்கும் வரம்புகளைப் பற்றிப் பேசுகிறது. வரம்பு இறுகினால் உரம் குப்பையாகும், குப்பைக்குச் செலவு ஏறும், வாயுவின் இலாபக் கணக்கு தலைகீழாகும். எரிசக்தி அறிக்கைகளில் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

யாருடைய வாயு?

‘உள்ளூர்ச் சமூகத்துக்கு’ என்ற சொல்லையும் ஆராய வேண்டும். மலபாரில் செலுத்திய மீத்தேன் மூலக்கூறு எந்த வீட்டு அடுப்பில் எரிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நகரம் முழுவதற்கும் ஒரே குழாய் வலை. அந்த வாயுவை வாங்குவது எரிசக்தி விற்பனை நிறுவனமான ஆரிஜின் எனர்ஜி. ‘பசுமை’ என்ற தகுதி சான்றிதழாகத் தனியே பிரிந்து, விலை கொடுக்கக்கூடிய வாடிக்கையாளரிடம் போகிறது. நிலையத்தின் வாசலில் வாழ்பவருக்குக் கட்டணச் சலுகை எதுவும் தானாக வருவதில்லை. நாற்றம் அடித்தால் அது மட்டும் உள்ளூருக்கு.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. எரிவாயுக் குழாய் நிறுவனங்களுக்கு இத்திட்டங்கள் வெறும் வாயு அல்ல, வாழ்நாள் நீட்டிப்பு. புது வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு வேண்டாம் என்ற பேச்சு வலுத்துவரும் காலம் இது; விக்டோரியா மாநிலம் 2024 ஜனவரி 1 முதல் திட்ட அனுமதி தேவைப்படும் புது வீடுகளுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கியது. ‘குழாயில் பசுமை வாயு வருகிறது’ என்ற வாதம் அந்தப் பேச்சைத் தள்ளிப்போடுகிறது. அரை விழுக்காட்டைக் காட்டி 99 விழுக்காட்டைத் தொடரவைக்கும் ஆபத்து அதில் உண்டு. வேறு வழியில்லாத உயர்வெப்பத் தொழிற்சாலைகளுக்கு இந்த அரிய வாயுவைக் கொடுத்துவிட்டு, வீட்டு அடுப்புகள் மின்சாரத்துக்கு மாறுவதே பொருத்தமான பங்கீடு.

அளவைக் கூட்ட உண்மையான வழி உணவுக் கழிவு. மெல்போர்னின் வடக்கே, இந்தியக் குடும்பங்கள் நிறைந்த புதுப் புறநகர்களின் நடுவே, வொல்லர்ட்டில் யாரா வேலி வாட்டர் என்ற நீர் நிறுவனம் 2017-இல் ஓர் உணவுக் கழிவு ஆலையைத் திறந்தது. சந்தை, உணவுத் தொழிற்சாலைகளிலிருந்து ஆண்டுக்கு 33,000 டன் வரை ஏற்று, நாளுக்குச் சுமார் 22,000 யூனிட் எடுக்கும் திறன் அதற்கு உண்டு. பக்கத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்து, மிஞ்சியதை மின்கட்டமைப்புக்கு விற்கிறது. மேலே போட்ட கணக்கின்படி இந்த 22,000 யூனிட்டை மலக்கழிவிலிருந்து மட்டும் எடுக்க மூன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் தேவை. உடம்பு ஆற்றலை உறிஞ்சாத உணவு என்பதே வித்தியாசம். நியூ சவுத் வேல்ஸில் 2026 ஜூலையிலிருந்து பெரிய வணிக நிறுவனங்களும், 2030 ஜூலைக்குள் வீடுகளும் உணவுக் கழிவைத் தனியே பிரித்தாக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கழிவு உரக்கிடங்குக்கா, செரிப்பானுக்கா என்பதை முடிவு செய்யும் காலம் இதுவே.

தமிழ்நாட்டுக்கு என்ன பாடம்?

சிட்னியில் ஏறத்தாழ எல்லா வீடுகளிலிருந்தும் கழிவுநீர் குழாயில் ஏறுகிறது. சண்டை எல்லாம் அதன் கடைசி முனையில். தமிழ்நாட்டில் முதல் முனையே முடியவில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத பேரூர்களில் செப்டிக் டேங்க்தான் செரிப்பான். அதன் மீத்தேன் காற்றுக்குழாய் வழியே வானத்துக்கு, அதன் கசடு லாரி வழியே பல நேரம் ஏரிக்கோ வாய்க்காலுக்கோ. இங்கே மின் உற்பத்தி இயந்திரத்தைவிட, லாரி கொட்டுவதற்கு ஒரு முறையான இடம் முதல் தேவை. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் அமைந்தது போன்ற மலக்கசடு நிலையங்கள் மின்சாரம் தராவிட்டாலும் அந்த வேலையைச் செய்கின்றன.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. ஆலைக்குள் எரிபொருளாகும் அதே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும்தான் சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவரின் உயிரைக் குடிக்கின்றன. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. இறப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் முப்பது லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இறப்புகள் நிற்கவில்லை, இறப்பவர்கள் எந்தச் சாதியினர் என்பதும் மாறவில்லை. வாயுவைக் கண்டறியும் கருவி ஆலையில் இருந்து, குழிக்குள் இறங்குகிறவரின் இடுப்பில் இல்லை என்றால் அங்கே உருவாகும் எரிசக்தியைத் தூய எரிசக்தி என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

நீரையும் தராசில் வைக்க வேண்டும். சென்னையில் 2019-இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. தெளிந்த நீர் மணலி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அந்த அளவுக்கு ஏரி நீர் மிச்சமாகிறது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த நகரத்துக்கு, கழிவுநீரில் இருக்கும் ஆகப் பெரிய செல்வம் நீர், அடுத்தது உரச்சத்து, அதற்குப் பின்தான் வாயு. மேற்கு சிட்னியின் கெம்ப்ஸ் க்ரீக்கில் சிட்னி வாட்டர் எழுப்பியுள்ள புதிய மறுசுழற்சி நிலையத்திலும் இந்த வரிசையே தெரிகிறது: உயர்தர நீர் முதலில், கசட்டிலிருந்து ஆற்றல் அதன் துணையாக.

தீர்ப்பு

கழிவுநீரிலிருந்து எரிசக்தி எடுப்பதைக் கைவிட வேண்டும் என்று வாதிட எந்தக் காரணமும் இல்லை. செரிப்பான் உள்ள எந்த நிலையமும் வாயுவை வீணே கொளுத்துவது பொறுப்பற்ற செயல். ஆனால் இதை மின்சாரத் திட்டமாக விற்றால் சூரியத் தகட்டோடு போட்டியிட்டுத் தோற்கும். தோற்றதும் நிதி வற்றும். நிதி வற்றினால் சுத்திகரிப்பும் கெடும். துப்புரவுத் திட்டமாக நடத்தினால், தன் செலவைத் தானே ஓரளவு ஏற்கும் அரிய பொதுப்பணியாக அது நிற்கும்.

ஆகவே அடுத்த முறை ‘இத்தனை வீடுகளுக்கு எரிசக்தி’ என்ற அறிவிப்பு வரும்போது, நார்த்மீட்டிலானாலும் நெசப்பாக்கத்திலானாலும், குடிமக்கள் ஐந்து விவரங்களைக் கேட்க வேண்டும். வெளியேறும் நீர் எந்த நிலைவரை சுத்தமாகிறது? மீத்தேன் எத்தனை விழுக்காடு கசிகிறது, அதை யார் அளந்தார்கள்? எஞ்சிய கசடு எங்கே போகிறது, அதில் என்ன இருக்கிறது? குழாயிலும் கலனிலும் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு? கிடைத்த வருமானத்தில் நிலையத்தின் மேம்பாட்டுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எவ்வளவு திரும்புகிறது? இந்த ஐந்துக்கும் ஆண்டுதோறும் எண்ணோடு பதில் சொல்லும் நிலையம், ஒரு வீட்டுக்குக்கூட மின்சாரம் விற்காவிட்டாலும் வெற்றி பெற்ற நிலையம். பதில் சொல்லாத நிலையம் ஆறாயிரம் வீடுகளைக் காட்டினாலும், அதன் பசுமைப் பட்டத்துக்கு வரிப்பணம் கொடுக்கும் முன் நாம் தயங்கத்தான் வேண்டும்.